மலையிலிருந்து வந்த ஏழு கடிதங்கள்

“…சாப்பாடு நன்றாக இருக்கிறதாம், குளிருக்கு இரண்டு போர்வை கொடுத்திருக்கிறார்களாம், உங்களுக்கு நிறைய முத்தம் என்று பாப்பா எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான்,” என்று சொல்லி, அம்மா அந்தக் காகிதத்தை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

அம்மா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவளை இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கினால் கருவேல மரத்தைத் தவிர வேறு நிழல் இல்லாத ஓர் இடத்தில், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் பாடம் சொல்லிக் கொடுக்கக் கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரத் தம்பதியில் மனைவியைத்தான் அம்மா என்கிறேன். புருஷனை ஐயா என்போம். ஐயா பெரிய வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பார். அம்மா சின்னப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லித் தருவார். பெண்பிள்ளைகள் விடுதியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் அவர்கள் வீட்டுச் சமையல்காரி. பந்தல்குடிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. இருபத்தாறு வயதில் அந்தச் சமையலறைக்குள் போனவள், பதினான்கு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

போன முதல் மாதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த அடுப்பில் ரொட்டி சுட வேண்டும். காய்கறியை வேகவைத்து, உப்பும் மிளகுத்தூளும் மட்டும் போட்டு வைக்க வேண்டும். “இது ஆளுக்கு ஆக்குறதா, மாட்டுக்கு ஆக்குறதா?” என்று விடுதி ஆயா என்னிடம் கேட்டாள். ஆனால் ஐயாவும் அம்மாவும் நான் வைத்த புளிக்குழம்பை ஒருநாள் ருசி பார்த்துவிட்டு, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வடிய வடிய மறுபடி கேட்டார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் குழம்பு, மூன்று நாள் மாட்டுச் சாப்பாடு என்று ஆனது.

அம்மாவின் தமிழ் புத்தகத் தமிழ். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார் மரியாதையாகப் பேச மட்டும்தான் பழக்கிவிட்டிருந்தார். வடகம் கொத்த வந்த காக்கையைப் பார்த்து, “போங்கள், போங்கள்” என்பார். தபால்காரர் அதைக் கேட்டுவிட்டு, “இந்த வீட்டுக் காக்காவாப் பொறந்திருந்தா எனக்கும் மரியாதை கிடைச்சிருக்கும்” என்றார். யார் எதைச் சொன்னாலும் எனக்கு மனசில் தங்கிவிடும். எழுத்துத் தெரியாதவளுக்கு அதுதானே நோட்டுப் புத்தகம்.

அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்றரை வயது. பகலெல்லாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பாப்பா என் இடுப்பிலேயே வளர்ந்தாள். தலைமுடி கம்புத் தட்டை மாதிரி வெளுத்திருக்கும், பேச்சு மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு. ஐந்து வயதில் அவளைச் சின்ன வகுப்பில் ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்காரவைத்தார் அம்மா. புளியங்கொட்டையை அடுக்கி எழுத்துப் பழகினாள். ஒரு நாள் ஐயாவைப் பார்த்து, “ஏலே அப்பா, சைக்கிள நிறுத்துலே, நானும் வாரேன்” என்றாள். ஐயா சைக்கிளிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “இவளை அனுப்ப வேண்டிய வயது வந்துவிட்டது” என்று ஐயாவிடம் அவர்கள் பாஷையில் சொன்னாராம். ஐயா பிறகு எனக்குச் சொன்னார்.

அனுப்புவது என்றால் மலைக்கு. அப்படி ஊழியத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் ஆறு ஏழு வயதானதும் மலைமேல் இருந்த அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்பது வழக்கம். வெயில் ஆகாது, சீக்கு வரும், சொந்தப் பாஷையில் படிக்க வேண்டும் என்று பல காரணம் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரலாம். மே மாதம் பெற்றவர்கள் மலைக்குப் போய்ப் பார்க்கலாம். மற்ற மாதமெல்லாம் கடிதம்தான். மற்றவர்கள் ஆறு வயதில் அனுப்பியபோது அம்மா அனுப்பவில்லை. “அடுத்த வருஷம், அடுத்த வருஷம்” என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

தள்ள முடியாமல் போனது ஒரு பெண் கேட்ட கேள்வியால்.

ஜூன் மாதம் விடுதி திறக்கிற நாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தாயும் தகப்பனும் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறும். அம்மா ஒவ்வொரு தாயிடமும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்: “திரும்பிப் பார்க்காமல் போங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். நீங்கள் அழுதால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.” வருஷா வருஷம் இதைக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அந்த வருஷம் மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்க்கிற ஒருத்தி வந்தாள். மகளுக்குப் பத்து வயதிருக்கும். படிப்பில் அப்படிக் கெட்டி என்று ஊர் வாத்தியாரே எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா வழக்கமான சொல்லைச் சொன்னார். அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு, அம்மாவின் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் பாப்பாவைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுவீக தாயி. உங்க பிள்ளை உங்க துணியப் புடிச்சுக்கிட்டுத்தான நிக்குது. எம்பிள்ளைய மட்டும் நான் திரும்பிப் பாக்காமப் போகணுமாக்கும்?”

அம்மாவுக்கு முந்தி நான் வாயைத் திறந்து, “ஏத்தா, படிச்சா நல்லா இருப்பாள்ல” என்றேன்.

“நீ சும்மா இரு. நீ பிள்ளை பெத்தியா?” என்றாள் அவள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள், மகளைக் கையில் பிடித்தாள், பஸ் வருகிற சாலையைப் பார்த்து நடந்தாள். அந்தப் பிள்ளை மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது, பள்ளிக்கூடத்தை.

அந்தப் பிள்ளையைப் பிறகு மிளகாய் பொறுக்கப் போட்டார்கள் என்றும், தூரத்து உறவில் வயது கூடிய ஒருவனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்றும் சேதி வந்தது. அம்மா ஐயாவோடு அந்த ஊருக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. அடுத்த ஜூனில் பாப்பாவுக்கு ஏழு வயது. பெட்டி வாங்கினார்கள்.

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். ஐயா பாப்பாவோடு மலைவரை போகிறார் என்று ஏற்பாடு. பாப்பா என் கழுத்தை விடவில்லை. “நீயும் வா, நீயும் வா” என்றாள். நான்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளை ஐயாவின் மடியில் உட்காரவைத்தேன். அம்மா ஜன்னல் வழியாக அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பாப்பா ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நூல் மூட்டையோடு நின்ற ஒரு நெசவுக்கார அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “கண்ணீரையெல்லாம் அவுக ஊர்லயே வச்சுப் பூட்டிட்டு வந்துருவாக போல.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தேன். கடைகளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நான் தலையைப் பிடித்தேன். ஒரு சோடா வாங்கி வந்து முகம் கழுவிவிட்டேன். முகத்தில் வழிந்தது வாந்தி எடுத்தவர்களுக்கு வருகிற தண்ணீர் மட்டும் இல்லை. கடைசியில், “இதைப் பாப்பாவிடம் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்கள்” என்றார். கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் தப்பு அதுதான்.

மலைப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதியதை விடுதிக்காரி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவாளாம். பாப்பா இங்கிலீஷில் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் எழுதுவாள். சில வாரம் அதற்குள் இன்னொரு தாள் மடித்து இருக்கும். அது எனக்கு, தமிழில். விடுதிக்காரிக்குத் தமிழ் தெரியாது.

அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையலறைக்குள் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் அரிசியில் கல் பொறுக்கியபடியோ வெங்காயம் உரித்தபடியோ கேட்பேன். போர்வை, பொம்மை, பக்கத்துப் படுக்கைச் சிநேகிதி, மூடுபனி. கேட்டு முடித்ததும் நான் பதில் சொல்வேன். அம்மா எழுதுவார்.

“நல்லா இருக்கேன்னு கேட்டு வயிறு குளுந்துச்சு கண்ணு. இங்க வரணும்னு நினைக்காத. அங்கயே இருந்து நல்லாப் படி. நான் நல்லா இருக்கேன். ஆடு குட்டி போட்டிருக்கு.”

நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அம்மா மாற்றவில்லை. அப்படியே எழுதினார். அதுதான் கொடுமை.

ஏனென்றால் பாப்பா எழுதியது வேறு. வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் கிறிஸ்துமஸ்வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அவள் கேட்டிருந்தாள். என்னைக் கேட்டிருந்தாள், என்னை மட்டும். அவளுக்குப் போன பதிலெல்லாம் “அங்கயே இரு” என்று. எனக்கு அது தெரிந்தது பல வருஷம் கழித்து. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது நடந்தது உங்களுக்கு விளங்காது, எனக்கு விளங்காமல் போன மாதிரியே.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். நான் சீனி போட்டுப் பிசைந்த கம்பு உருண்டையோடு வாசலுக்கு ஓடினேன். பாப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கழுத்தைக் கட்டவில்லை. “தேங்க்யூ” என்றாள். அம்மாவுக்கும் அதே மாதிரி கன்னத்தைக் காட்டினாள். சாப்பிடும்போது கத்தியும் முள்ளும் சத்தமே கேட்காமல் பிடித்தாள். விடுதி ஆயா பார்த்துவிட்டு, “வெள்ளைக்காரப் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளையாயிருச்சு, நீ எதுக்கு மூக்கை உறிஞ்சுற?” என்றாள்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“நான் எழுதுனது உனக்குக் கிடைச்சுச்சா?”

“கிடைச்சுச்சு கண்ணு. எல்லாத்தையும் அம்மா வாசிச்சாக. ஒண்ணு விடாமக் கேட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

என்னையே பார்த்தாள். அப்புறம், “அம்மாவும் வாசிச்சாகளா” என்றாள், கேள்வி மாதிரி இல்லாமல். நான் குழவியை உருட்டிக்கொண்டே, “அவுக வாசிச்சுத்தான எனக்குத் தெரியணும்” என்றேன். ஏழு வயதுப் பிள்ளை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவள் எழுதும்போது அவளுக்கு ஞாபகத்திலேயே இருந்திருக்காது. பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே பிள்ளைகள் நினைக்கும்.

மலைக்குத் திரும்பிப் போன பிறகு ஒரே ஒரு தமிழ்த் தாள் வந்தது. அதோடு நின்றுவிட்டது. ஆக மொத்தம் ஏழு. ஏழையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அடுத்தடுத்த வருஷங்களில் அவள் விடுமுறைக்கு வந்தாள், போனாள். என்னிடம் மரியாதையாகப் பேசினாள். மரியாதையைப் போல ஆளைக் கொல்வது எதுவும் இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகிறபோது மூன்று பேரும் கப்பலேறிச் சொந்த ஊருக்கு ஒரு வருஷ விடுப்பில் போனார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர்தான் வந்தார்கள். ஐயாவின் தங்கை வீட்டில் அவளைப் படிக்க விட்டுவிட்டார்களாம். அதுவும் வழக்கம்தான் என்றார் ஐயா. பெட்டிகளை இறக்கும்போது மூன்றாவது ஆளைத் தேடுகிற மாதிரி நான் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

அந்த ஒரு வருஷம் வீட்டில் ஆளில்லாமல், சமைக்கவும் வேலையில்லாமல் இருந்தபோதுதான் எனக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்தது. சின்ன வகுப்புக்குத் தண்ணீர் கொண்டு போகிற சாக்கில் கடைசிச் சுவர் ஓரம் நின்று கேட்டேன். மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து நீவி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை, வெட்கம். நான் முதலில் முழுசாக வாசித்தது பஸ் பலகையில் இருந்த ‘திருச்சுழி’. வாய்விட்டு வாசித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துக் கண்டக்டர், “ஏத்தா, நீ படிச்சு முடிக்கவும் வண்டி ஊர் போய்ச் சேரவும் சரியா இருக்கும், ஏறு” என்றார். வண்டியே சிரித்தது. எனக்கு அன்றைக்கு ராஜாங்கம் கிடைத்த மாதிரி.

அவர்கள் திரும்பி வந்த பிறகும் நான் சொல்லவில்லை. நன்றாக வாசிக்க வந்ததும் அம்மாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. எதை வாசித்துக் காட்டலாம் என்று யோசித்தேன். பாப்பாவின் கடிதங்களைத் தவிர வேறென்ன? எனக்குத்தான் அவை மனப்பாடம் ஆயிற்றே, தடுக்காமல் வாசித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம், உலையில் அரிசி போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தேன். முதல் தாள். பென்சில் எழுத்து, பெரிது பெரிதாக. ‘சாப்பாடு’ என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ‘போர்வை’யைத் தேடினேன். இல்லை. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, முதல் எழுத்திலிருந்து விரலை வைத்துக் கூட்டினேன்.

‘நான் இங்க இருக்க மாட்டேன். நீ வந்து கூட்டிட்டுப் போ. நான் படுக்கைய நனைச்சிட்டேன். எல்லாரும் பாக்க என்னைய விரிப்பத் தூக்கிட்டு நிக்கச் சொன்னாங்க. அம்மாட்ட சொல்லாத. அம்மாவுக்கு என்னையப் பிடிக்கல. அன்னைக்கு என்னைப் பாக்காமயே போயிட்டாக. நான் உங்க ஊர்ல உங்கூட இருந்துக்கிறேன். கம்பங்கூழ் குடிச்சுக்கிறேன். அழ மாட்டேன்.’

இரண்டாவது தாளில், ‘நீ ஏன் இங்கயே இருன்னு சொல்ற? நான் சொன்னது உனக்குப் புரியலையா?’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் சுருங்கிக்கொண்டே போனது. ஏழாவது தாளில் ஒரே வரி. ‘நான் நல்லா இருக்கேன். ஆட்டுக்குட்டி நல்லா இருக்கா?’

அந்த ஒன்றைத்தான் அம்மா எழுத்துக்கு எழுத்து உள்ளபடி எனக்கு வாசித்துக் காட்டியிருந்தார்.

சோறு அடிப்பிடித்துக் கரிந்த வாசம் பள்ளிக்கூடம்வரை போயிருக்கிறது. அம்மா வேகமாக வந்தார். அடுப்பு விறகை இழுத்து அணைத்துவிட்டுத் திரும்பியவர், தரையில் பரப்பி வைத்திருந்த தாள்களையும் என் விரலையும் பார்த்தார். நான் முதல் தாளை எடுத்து, சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி சத்தமாக, தடுக்கித் தடுக்கி வாசித்தேன். ‘அம்மாவுக்கு என்னையப் பிடிக்கல’ என்ற இடத்தில் அம்மா, “போதும்” என்றார்.

“எதுக்கும்மா மாத்தி வாசிச்சீக?”

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உள்ளபடி வாசித்திருந்தால் நீங்கள் அன்றைக்கே மலைக்குப் போயிருப்பீர்கள்.”

“போயிருப்பேன்.”

“உங்கள் பின்னால் நானும் வந்திருப்பேன்.”

“வந்திருந்தா என்ன?”

வெளியே விடுதிப் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. அம்மா அதைக் காட்டுகிற மாதிரி தலையை அசைத்தார். “எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று. அவர்கள் என்னை நம்பிப் போனார்கள். என் பிள்ளைக்கு மட்டும் பழகவில்லை என்று நான் கூட்டிக்கொண்டு வந்தால், அது பொய் என்று ஆகிவிடும். அது பொய் என்றால் நான் இங்கே இத்தனை வருஷம் செய்தது என்ன? ஒரு மாதம் பார்ப்போம், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவள் அழவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தேன்.” உடனே, “நினைக்க விரும்பினேன்” என்று திருத்திக்கொண்டார்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சுவரோரம் அவர் தலையை நான் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாளும் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தால் ஆள் என்ன செய்ய முடியும்? கரிந்த சோற்றைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, மறுபடி உலை வைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உப்பு, பால், கதவு என்று வேலைச் சொல் மட்டும். ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார், கேட்க மாட்டார். அந்த நாட்களில் நான் பாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் சிலேட்டில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. இனி அவளைக் கூட்டிக்கொண்டு வர முடியாது, அது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கூப்பிட்டபோது எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கும் அவள் வேண்டாதவளாக இருக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவள் ஒரு பெண்ணாக வளர்ந்து நிற்கக் கூடாது.

எழுதியது இவ்வளவுதான்: ‘கண்ணு, உன் கடுதாசிய நான் வாசிக்கல. எனக்கு அப்ப எழுத்துத் தெரியாது. நீ வரணும்னு கேட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நடந்தே வந்திருப்பேன். பஸ்ஸு நிலையத்துல உங்க அம்மா திரும்பிப் போனது உன்னையப் பிடிக்காம இல்ல. கடைக்குப் பின்னாடி நின்னு குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தாக. நான்தான் தலையப் பிடிச்சேன். சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாக. இன்னைக்கு வாக்க மீறிட்டேன்.’

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, “இன்னைக்கும் இல்ல தாயி” என்று சொல்லிக்கொண்டு போவார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்து ஐயாவும் அம்மாவும் இந்த ஊரை விட்டே போனார்கள். பாப்பா எங்கேயோ வேலை பார்க்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று வெகுகாலம் கழித்து ஓர் அட்டை வந்தது. அது ஐயாவின் கையெழுத்து. அந்த ‘நன்றாக இருக்கிறாள்’ என்ற சொல்லை நான் எப்படி எடுத்துக்கொள்வது? என் கடிதத்தை என்ன செய்தாள், வாசித்தாளா, கிழித்தாளா, யாரைப் பற்றி என்ன நினைத்தாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அது அவள் கைக்குப் போன விதம் மட்டும்தான் தெரியும்.

எனக்கு விலாசம் எழுதத் தெரியாது. அதனால் அம்மாவிடம்தான் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். ஒரு தடவை வாசித்து முடித்துவிட்டு, மறுபடி மேலிருந்து வாசித்தார்.

“இதை அவளால் வாசிக்க முடியாது,” என்றார். “தமிழ் எழுத்து அவளுக்கு மறந்துவிட்டது. போன வருஷம் நானே கேட்டேன். ஓர் எழுத்தும் ஞாபகம் இல்லை என்றாள்.”

நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் பொட்டலக் காகிதத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அங்கே அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தொலைத்திருக்கிறாள்.

“அப்ப நீங்கதான் இங்கிலீசுல எழுதணும்,” என்றேன்.

அம்மா தாளிலிருந்து கண்ணை எடுத்தார். “நான் என்ன எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாதே. மறுபடியும் என்னை நம்புவீர்களா?”

“நம்பாம? வேற யாரு இருக்கா எனக்கு, இங்கிலீசு தெரிஞ்சவுக?” என்றேன். அது நம்பிக்கை இல்லை, வழியில்லாத பேச்சு. அவருக்கும் அது தெரியும்.

“நான் மாற்றி வாசித்தேன் என்று நீங்கள் எழுதவே இல்லையே.”

“அத எழுத வேண்டியது நான் இல்லம்மா.”

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். உள்ளே போய்ப் பேனாவும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டுவந்தார். மேசைக்குப் போகவில்லை. மணையை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, ரொட்டித் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பினார். ‘கண்ணு, உன் கடுதாசிய நான் வாசிக்கல’ என்று என் முதல் வரியை எனக்குக் கேட்கும்படி தமிழில் வாசித்தார். வாசித்துவிட்டு அதை இங்கிலீஷில் எழுதத் தொடங்கினார். என்னுடையது ஒரு சின்ன வரிதான். அம்மாவின் பேனா நிற்கவில்லை. தாளின் அடிவரைக்கும் போனது. என் இரண்டாவது வரியைப் பார்க்காமலே தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலும் எழுதிக்கொண்டே போனார்.